ஒரு வெள்ளிக்கு என்னவெல்லாம் கிடைக்கும்? தோட்டத்து ஊரில் அரசாங்க கிளினிக்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டத்து ஊரில் உடம்புக்கு முடியவில்லை என்றால் மூன்று வழி உண்டு. கையில் காசிருந்தால் பசாருக்குப் பக்கத்தில் தனியார் கிளினிக். நேரமிருந்தால் அரசாங்க கிளினிக். இரண்டும் இல்லையென்றால் ஒரு பெனடோலைப் போட்டுக்கொண்டு மறுபடியும் செம்பனைக் காட்டுக்குள். இங்கே பேசப்போவது நடுவில் இருக்கும் வழியைப் பற்றி. மலேசியக் குடிமக்கள் அங்கே கவுண்டரில் கட்டுவது 1 வெள்ளி (ரிங்கிட்). டாக்டர் பார்ப்பது, இரத்தச் சோதனை, மருந்து எல்லாம் அதிலேயே அடக்கம். 60 வயதைத் தாண்டியவர்கள் அந்த ஒரு வெள்ளியும் கட்ட வேண்டாம்.

மலிவு என்பதாலோ என்னவோ, பலரும் அதை மாத்திரை வாங்கும் கடை மாதிரிதான் நினைக்கிறார்கள். அங்கே நடக்கும் வேலையில் மாத்திரை கடைசிக் கவுண்டர் மட்டும்தான். அதற்கு முன்னால் என்ன இருக்கிறது, எதற்கு எங்கே போக வேண்டும் என்று தெரிந்தால் அரை நாள் அலைச்சல் மிச்சம்.

எந்தப் படியில் ஏறுவது

அரசாங்க சுகாதாரச் சேவையைப் படிக்கட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். அடிப்படி கிளினிக் டேசா, அதாவது கிராமக் கிளினிக். ஏறக்குறைய 4,000 பேருக்கு ஒன்று என்பது திட்டக் கணக்கு. சின்னக் கட்டடம், ஒன்றிரண்டு மிஸ்ஸிகள் (தாதியர்). தினமும் டாக்டர் இருக்க மாட்டார். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு, சின்னச் சின்ன நோவு, இவைதான் அங்கே நடப்பவை.

அதற்கு மேலே கிளினிக் கெசிஹாத்தான் (சுகாதாரக் கிளினிக்), ஏறக்குறைய 20,000 பேருக்கு ஒன்று. டாக்டர், எம்.ஏ. (மருத்துவ உதவியாளர்), மிஸ்ஸி, லேப், மருந்துக் கவுண்டர் எல்லாம் இங்கே உண்டு. பெரிய கிளினிக்குகளில் எக்ஸ்ரே, பல் கிளினிக், குடும்ப மருத்துவ நிபுணரும் இருப்பார்கள். எம்.ஏ. டாக்டர் இல்லைதான். ஆனால் பழைய தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸரைப் பார்த்து வளர்ந்த பெரியவர்களிடம், அந்த வழியில் வந்த, முறையாகப் படித்த ஆள் என்று சொன்னால் உடனே புரியும். சாதாரணக் காய்ச்சல், சளி, காயம் என்றால் அநேகமாக எம்.ஏ.தான் பார்ப்பார். "டாக்டரே பார்க்கலையே" என்று மனம் கோணத் தேவையில்லை. தன் கைக்கு மீறியதை அவரே டாக்டரிடம் அனுப்பிவிடுவார்.

மூன்றாவது படி மாவட்ட மருத்துவமனை. வார்டும் இருபத்து நாலு மணி நேர அவசரப் பிரிவும் அங்கே. நாலாவது படி நிபுணர்கள் இருக்கும் பெரிய மருத்துவமனை. பேராக்கில் பலருக்கும் அது ஈப்போவில் உள்ள ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை. சுங்கை சிப்புட்டிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்.

இந்த அமைப்பு நேற்று முளைத்ததில்லை. சுதந்திரத்துக்கு முன்பே, 1953-இல் கெடாவின் ஜித்ராவில் கிராமப்புறச் சுகாதாரப் பயிற்சி மையம் தொடங்கினார்கள். ஊருக்குள்ளேயே மருத்துவச்சி, அவருக்கு மேலே ஒரு துணை நிலையம், அதற்கு மேலே ஒரு பெரிய நிலையம் என்று மூன்று அடுக்காக இருந்ததைப் பின்னாளில் இரண்டு அடுக்காகச் சுருக்கினார்கள். இன்றைய கிளினிக் டேசாவும் கிளினிக் கெசிஹாத்தானும் அப்படி வந்தவை.

படி தாண்டிப் போனால் என்ன ஆகும்? அவசரம் இல்லாத முழங்கால் வலிக்கு நேராகப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனால் பச்சை வரிசையில் உட்கார வைப்பார்கள். அங்கே வந்த நேரத்துக்கு மதிப்பில்லை, நோயின் கடுமைக்குத்தான் முதலிடம். உங்களுக்குப் பின்னால் வந்த நெஞ்சுவலிக்காரர் முன்னால் உள்ளே போவார், பல மணி நேரம் போகும். நிபுணரைப் பார்க்கவும் ருஜுக்கான் (பரிந்துரை) கடிதம் வேண்டும். நிபுணர் கிளினிக்கில் ஒரு தடவைக்கு 5 வெள்ளி. தனியார் டாக்டர் கொடுத்த கடிதத்தோடு முதல் தடவை போனால் 30 வெள்ளி. அதே கடிதத்தை ஊர் கிளினிக்கில் வாங்கிப் போனால் காசும் மிச்சம், உங்கள் பழைய இரத்தச் சோதனை முடிவுகளையும் சேர்த்து அனுப்பிவிடுவார்கள்.

கிளினிக்கில் ஒரு காலை

கவுண்டரில் ஐசி எனும் அடையாள அட்டையையும் பழைய அட்டை, புத்தகங்களையும் கொடுத்தால் பதிவு முடிந்து நம்பர் வரும். அடுத்து இரத்த அழுத்தம், எடை, தேவைப்பட்டால் இரத்தத்தில் சீனி. பிறகு எம்.ஏ. அல்லது டாக்டர். அவர் சொன்னால் லேப். கடைசியில் மருந்துக் கவுண்டர். இரத்த அழுத்தம் பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிடமாவது சும்மா உட்காருங்கள். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஓடிவந்து, அரை மணிக்கு முன் குடித்த கோப்பி வயிற்றில் இருக்க, காலைப் பிணைத்துக்கொண்டு கையை நீட்டினால் எண் ஏறித்தான் காட்டும். அந்த ஏறிய எண்ணை வைத்து மருந்தைக் கூட்டிவிட்டால், பத்து நாளில் "தலை சுத்துது" என்று திரும்பி வர வேண்டியிருக்கும்.

நேரம் சாதாரணமாகக் காலை 8 முதல் மாலை 5 வரை. சாப்பாட்டு நேரம் 1 முதல் 2 வரை. வெள்ளிக்கிழமை மட்டும் 12.15-லிருந்து 2.45 வரை நீளும். பால் வெட்டு முடிந்து வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு வந்து சேருபவர்கள் மாட்டுவது இதில்தான். மருந்து எடுப்பது, தொடர் சிகிச்சை இவற்றுக்கு மைசெஜாத்ரா செயலியில் முன்கூட்டியே தேதியும் நேரமும் எடுக்கும் வசதி பல கிளினிக்குகளில் வந்துவிட்டது. பெரியவர்களுக்குப் போன் ஒத்துவராது, வீட்டுப் பிள்ளைகள் யாராவது எடுத்துக்கொடுக்கட்டும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். டாக்டரும் மிஸ்ஸியும் பெரும்பாலும் மலாய் பேசுபவர்கள். நம் ஆட்கள் மலாய் பேசுவார்கள்தான். சிக்கல் வேறு இடத்தில். "மயக்கம்" என்கிற ஒரே தமிழ்ச் சொல்லுக்குத் தலைசுற்றல் என்றும் பொருள், நினைவு தப்பி விழுந்தது என்றும் பொருள். மலாயில் முதலாவது பெனிங், இரண்டாவது பெங்சான். நினைவு தப்பி விழுந்தவர் "பெனிங்" என்று சொல்லிவிட்டால், செய்ய வேண்டிய சோதனை செய்யாமல் போகக்கூடும். அதே மாதிரிதான் "வாயு". நெஞ்சு இறுக்கமாக இருப்பதைக் காற்று பிடித்திருக்கிறது என்று நினைத்து "ஆங்கின்" என்று சொல்வார்கள். அதைக் கேட்டவர் வயிற்றுக் கோளாறு என்று எழுதிவிடுவார். நெஞ்சில் எங்கே வலிக்கிறது என்று கையை வைத்துக் காட்டி "சாகிட் டாடா" என்று சொல்லுங்கள். மூச்சு வாங்குகிறது என்றால் "செசாக் நாஃபாஸ்". மரத்துப்போனால் "கெபாஸ்". எத்தனை நாளாக, நடந்தால் கூடுகிறதா, எந்த மாத்திரை சாப்பிட்டேன், இவற்றை வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிப் போனால் உள்ளே கிடைக்கும் ஐந்து நிமிடம் வீணாகாது. வேறு எங்காவது வாங்கிய நாட்டு மருந்து, பொட்டலம், மூட்டுவலி மாத்திரை எதுவாக இருந்தாலும் பையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். பெயர் தெரியாத மூட்டுவலிப் பொட்டலங்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பது அடிக்கடி பிடிபடும் விஷயம். சீனி ஏன் இறங்க மாட்டேன் என்கிறது என்று டாக்டர் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருப்பார், காரணம் உங்கள் சட்டைப்பையில் இருக்கும்.

இனிப்பு நீர்

தோட்டத்து ஊர் கிளினிக்கின் பாதிக் கூட்டம் இனிப்பு நீர் (நீரிழிவு), இரத்த அழுத்தம், கொழுப்பு என்று வருவதுதான். நாடு முழுதும் 2019-இல் செய்த சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. ஐந்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

முதலில் எண் குழப்பத்தைத் தீர்ப்போம். மலேசியக் கருவிகள் மில்லிமோலில் காட்டும். தமிழ்நாட்டு வீடியோக்களில் 180, 250 என்று சொல்வது மில்லிகிராமில். நம் எண்ணை 18-ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வரும். இங்கே 10 என்றால் அங்கே 180. இது தெரியாமல் "எனக்கு 11தான், அவங்களுக்கு 200" என்று நிம்மதி அடைந்தவர்கள் பலர். பொதுவான இலக்கு, வெறும் வயிற்றில் 4.4 முதல் 7.0, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 4.4 முதல் 8.5. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்.பி.ஏ.1.சி. 6.5 விழுக்காடு அல்லது அதற்குக் கீழே. வயதானவர்களுக்கும் அடிக்கடி சீனி இறங்குபவர்களுக்கும் டாக்டர் இலக்கைக் கொஞ்சம் தளர்த்துவார்.

தொடர் சிகிச்சையில் இரண்டு தேதி தருவார்கள். ஒன்று இரத்தம் எடுக்க, அதற்கு ஒன்றிரண்டு வாரம் கழித்து டாக்டரைப் பார்க்க. முதல் தேதியை விட்டுவிட்டு இரண்டாவதற்கு மட்டும் வந்தால் டாக்டர் முன்னால் முடிவு எதுவும் இருக்காது. பழைய மருந்தையே எழுதி அனுப்புவதைத் தவிர அவருக்கு வழியில்லை. இரத்தம் எடுக்கும் நாளில் குறைந்தது எட்டு மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும். வெறும் தண்ணீர் குடிக்கலாம். இனிப்பு நீர் மாத்திரையையும் இன்சுலினையும் காலையில் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு கிளினிக்கில் உட்காராதீர்கள், அங்கேயே சீனி இறங்கி விழுந்துவிடலாம். மருந்தையும் பசியாறையும் பையில் எடுத்துப்போய், இரத்தம் கொடுத்ததும் சாப்பிட்டு மருந்தைப் போடுங்கள். இரத்த அழுத்த மாத்திரையை வழக்கம்போல் தண்ணீரோடு போடலாம்.

வருடத்துக்கு ஒரு முறை கண்ணின் உள்திரையைப் படம் எடுப்பார்கள், பாதத்தைச் சோதிப்பார்கள், சிறுநீரில் புரதம் பார்ப்பார்கள். மிச்சம் இரண்டையும் விட்டாலும் பாதச் சோதனையை விடக்கூடாது. மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் அழுத்தி "தெரியுதா?" என்று கேட்பார்கள். தெரியவில்லை என்றால் நரம்பு மரத்துவிட்டது. செம்பனை முள் குத்தியதுகூடத் தெரியாமல் நாள் கணக்கில் பூட்ஸுக்குள் சீழ் பிடிப்பது அப்படிப்பட்ட கால்தான். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும், அன்றைக்கு மோட்டார் ஓட்டிக்கொண்டு வராதீர்கள்.

இன்சுலின் ஊசிப் பேனா கொடுத்தால் மருந்துக் கவுண்டரிலோ மிஸ்ஸியிடமோ செய்து காட்டச் சொல்லுங்கள். ஒரு தடவை தலையாட்டிவிட்டு வந்தால் வீட்டில் தப்பாகத்தான் போடுவோம். பால் மாதிரி கலங்கலான இன்சுலின் என்றால் பேனாவை உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து முறை உருட்டி, பத்து முறை மெதுவாக மேலும் கீழும் சாய்க்க வேண்டும். குலுக்கக்கூடாது. உருட்டாமல் போட்டால் அடியில் தங்கிய மருந்து ஒரு நாள் குறைவாகவும் இன்னொரு நாள் கூடுதலாகவும் போகும். புது ஊசி மாட்டி, 2 யூனிட் வைத்து மேல்நோக்கிப் பிடித்து அழுத்துங்கள். நுனியில் ஒரு சொட்டு வந்தால் வழி திறந்திருக்கிறது. பிறகு உங்கள் அளவை வைத்து, வயிற்றில் தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி நேராகக் குத்தி, பொத்தானை முழுதும் அழுத்தி, ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணிவிட்டு எடுங்கள். உடனே உருவினால் மருந்து தோலில் வடிந்து நிற்கும், பார்க்கலாம். தினமும் இடத்தை மாற்ற வேண்டும். ஒரே இடத்தில் குத்திக் குத்தி ரப்பர் மாதிரி ஒரு கட்டி வந்துவிட்டால், அங்கே போடும் மருந்து ஒழுங்காகச் சேராது. வலிக்காது என்பதால் நம் ஆட்களுக்கு அந்த இடம்தான் பிடிக்கும்.

திறக்காத பேனா குளிர்சாதனப் பெட்டியின் நடுத்தட்டில் இருக்கட்டும். ஐஸ் கட்டியாகும் மேல்பெட்டியில் வைத்து உறைந்துபோனால் தூக்கிப்போட வேண்டியதுதான், உருகியபின் பார்க்கப் பழையபடி இருந்தாலும் பயன் இல்லை. பயன்பாட்டில் இருக்கும் பேனா அறைச் சூட்டில் நாலு வாரம் தாங்கும். திறந்த தேதியை அதன்மேல் எழுதி ஒட்டுங்கள். மோட்டார் கூடைக்குள், வெயிலில் நிறுத்திய காடிக்குள் வைத்தால் இன்சுலின் கெடும்.

சீனி 4.0-க்குக் கீழே இறங்கினால் கை நடுங்கும், வேர்க்கும், பசிக்கும், பேச்சு குழறும். உடனே மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 999-ஐக் கூப்பிடுங்கள். இறங்குவதற்கு அநேகமாகக் காரணம் மருந்தைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டதுதான். விரத நாளில் இது கூடும். புரட்டாசிச் சனிக்கும் சஷ்டிக்கும் விரதம் இருப்பவர்கள் இரண்டு வாரத்துக்கு முன்பே டாக்டரிடம் சொன்னால் மருந்து நேரத்தை மாற்றித் தருவார். முஸ்லிம் நோயாளிகளுக்கு நோன்பு மாதத்தில் இதைத்தான் வருடாவருடம் செய்கிறார்கள். நாம்தான் கேட்பதில்லை.

தாயும் பிள்ளையும்

மாதவிலக்கு தள்ளிப்போனதும் போங்கள், 12 வாரத்துக்குள் பதிந்துவிடுவது நல்லது. "மூணு மாசம் ஆகட்டும், யாருக்கும் சொல்லக்கூடாது" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதில் அவர்கள் நியாயம் இருக்கலாம், மிஸ்ஸியிடம் சொல்வது ஊருக்குச் சொல்வதாகாது. முதல் தடவையே இரத்த வகை, இரத்தச் சத்து (ஹீமோகுளோபின்), எச்.ஐ.வி., மேகநோய், ஹெப்படைட்டிஸ் பி எல்லாம் பார்ப்பார்கள். பதிவுப் புத்தகத்தின் மேல் ஒரு வண்ண அடையாளம் ஒட்டுவார்கள். வெள்ளை என்றால் மிஸ்ஸியே பார்த்துக்கொள்வார். பச்சை என்றால் கிளினிக் டாக்டர். மஞ்சள் என்றால் நிபுணரிடம் போக வேண்டும். சிவப்பு என்றால் அன்றைக்கே மருத்துவமனை. நடுவில் நிறம் மாறும், மாறினால் ஏன் என்று கேளுங்கள். அந்தப் புத்தகம் எப்போதும் கைப்பையில் இருக்கட்டும். நடுராத்திரியில் பனிக்குடம் உடைந்து போனால் உங்களைப் பற்றி அறியாத டாக்டருக்கு அதுதான் எல்லாம்.

சீனித் தண்ணீர் சோதனைக்கு வெறும் வயிற்றில் வரச் சொல்வார்கள். இரத்தம் எடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி எடுப்பார்கள். முதல் எண் 5.1-ஐத் தொட்டாலோ இரண்டாவது 7.8-ஐத் தொட்டாலோ கர்ப்பகால இனிப்பு நீர். நடுவில் வாந்தி எடுத்துவிட்டால் மிஸ்ஸியிடம் சொல்லிவிடுங்கள். மறைத்தால் எண் பொய்யாகிவிடும். இரத்தச் சத்து 11-க்குக் கீழே என்றால் இரும்புச்சத்து மாத்திரை கூடும். அதை தே தாரிக்கோடும் மைலோவோடும் விழுங்கினால் பாதிக்கு மேல் வீண். தண்ணீரோடு அல்லது ஆரஞ்சுச் சாற்றோடு போட்டு, டீயை இரண்டு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்ததும் மிஸ்ஸி தேடி வருவார். முதல் பத்து நாளில் பல தடவை, இருபதாவது நாளிலும் ஒரு தடவை. முகவரியும் போன் எண்ணும் சரியாக இருந்தால்தான் வருவார். தாய்வீட்டுக்குப் போய்ப் படுப்பவர்கள் அந்த ஊர் முகவரியைக் கொடுங்கள். மிஸ்ஸி பார்ப்பவற்றில் முக்கியம் மஞ்சள் காமாலை. பிள்ளையை வெயிலில் காட்டினால் போய்விடும் என்று விட்டுவிடக்கூடாது. மஞ்சள் அளவு மீறினால் மூளையைத் தாக்கும். பிறந்த உடனே தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி குறைபாடு (இரத்தச் சிவப்பணுவைக் காக்கும் நொதி குறைவது) பார்ப்பார்கள். அது இருக்கும் பிள்ளையின் துணி அலமாரியில் அந்துருண்டை போடவே கூடாது. பழைய துணியை எடுத்துச் சுற்றிய ஒரே நாளில் இரத்தம் உடைந்து மஞ்சள் ஏறிவிடலாம். பாட்டிமார் அலமாரியை முதலில் சோதியுங்கள்.

தடுப்பூசி அட்டவணையை நினைவு வைத்துக்கொள்ளச் சிரமம் இல்லை. பிறந்ததும் பி.சி.ஜி., ஹெப்படைட்டிஸ் பி. ஆறு நோய்க்கான ஒரே ஊசி 2, 3, 5 மாதங்களில், திரும்ப 18-இல். நிமோகாக்கல் 4, 6, 15 மாதங்களில். எம்.எம்.ஆர். 9, 12 மாதங்களில். மிச்சம் பள்ளிக்கூடத்தில் வரும், 13 வயதுப் பெண்பிள்ளைகளுக்கான எச்.பி.வி. (கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி) உட்பட. ஒரு தேதி தவறிவிட்டது என்று வெட்கப்பட்டுப் போகாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

காய்ச்சலும் இருமலும்

தோட்டத்து ஊரில் காய்ச்சல் என்றதும் இரண்டை நினைக்க வேண்டும். ஒன்று டெங்கி. அதில் காய்ச்சல் இறங்கும் நாள்தான் ஆபத்தான நாள், மூன்றுக்கும் ஏழுக்கும் நடுவில். "காய்ச்சல் விட்டுடுச்சு, வேலைக்குப் போறேன்" என்று கிளம்பும்போதுதான் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும். அதனால்தான் தினமும் வந்து இரத்தம் கொடுக்கச் சொல்கிறார்கள், கொடுமைப்படுத்த இல்லை. வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம், அசந்துபோய்க் கிடப்பது, இவற்றில் ஒன்று வந்தாலும் ராத்திரியானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். பாராசிட்டமால் மட்டும் போடலாம். வோல்டாரன், ஆஸ்பிரின், புரூஃபன் வேண்டாம்.

இன்னொன்று எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சல், மலாயில் கெஞ்சிங் தீக்குஸ். சேற்றில் வேலை செய்பவர்களுக்கு வரும். கெண்டைக்கால் கடுமையாக வலிக்கும், கண் சிவக்கும். டாக்டரிடம் "நான் செம்பனைத் தோட்டத்தில் வேலை, காலில் வெட்டுக்காயம் இருந்தது" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அந்த வாக்கியம் இல்லாமல் அவருக்கும் டெங்கிதான் தோன்றும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிச் சோதனை. காலையில் எழுந்ததும், பல் துலக்கும் முன் வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, ஆழமாக இருமி வெளியே வருவதைத்தான் டப்பாவில் எடுக்க வேண்டும். எச்சில் துப்பிக் கொடுத்தால் முடிவு பொய்யாக வரும். காசநோய் என்றால் ஆறு மாத மருந்து. முதல் இரண்டு மாதம் நாலு வகை, பிறகு நாலு மாதம் இரண்டு வகை. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவது மருந்தால், இரத்தமில்லை. இரண்டாவது மாதம் உடம்பு தேறிவிடும். எல்லாரும் நிறுத்தும் இடமும் அதுதான். பாதியில் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத காசநோயாகத் திரும்பி வரும். வேலை நேரத்தால் கிளினிக்குக்கு வர முடியவில்லை என்றால் நிறுத்துவதற்கு முன் சொல்லுங்கள், மருந்து விழுங்குவதைப் பார்க்கும் பொறுப்பை வேறு ஒருவரிடம் ஒப்படைக்க வழி உண்டு.

குடியை விட நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தினமும் குடிப்பவர் திடீரென்று ஒரே நாளில் நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு வரை போகலாம். கிளினிக்கில் டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். புகைப்பதை நிறுத்தவும் அங்கே ஆலோசனையும் மருந்தும் உண்டு.

காத்திருக்கக்கூடாத நேரம்

நெஞ்சு இறுக்கம், ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொள்வது, வாய் கோணுவது, இவற்றுக்கு நம்பர் எடுத்து உட்காராதீர்கள். கிளினிக் வாசலில் இருந்தால் நேராக மிஸ்ஸியைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். வீட்டில் இருந்தால் 999. மூளையில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு முதல் நாலரை மணி நேரம்தான். கோணிய வாய்க்கு எண்ணெய் தேய்த்து விடியும்வரை பார்ப்பது அந்த நேரத்தைத் தின்றுவிடும். எப்போது தொடங்கியது என்ற மணியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அங்கே முதல் கேள்வி அதுதான்.

பாம்பு கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடித்த கையையோ காலையோ அசைக்காமல் பலகை வைத்துத் தாங்கி, மோதிரம், வளையல், காப்பு எல்லாவற்றையும் கழற்றுங்கள். வீக்கம் எதுவரை வந்திருக்கிறது என்று பேனாவால் கோடு போட்டு மணியை எழுதினால் பார்க்கும் டாக்டருக்கு அரைவேலை முடிந்தது. பாம்பைத் தூரத்திலிருந்து படம் எடுத்தால் போதும், அடித்துப் பையில் கொண்டுபோகும் வேலையில் இரண்டாவது ஆளும் கடிபட்டுவிடுவார். விஷமுறிவு மருந்து மருத்துவமனையில்தான், கிளினிக் டேசாவில் கிடையாது. அங்கே போய் நிற்பது நேர விரயம்.

காசும் காகிதமும்

மேலே சொன்ன 1 வெள்ளிக் கணக்கு குடிமக்களுக்கு. மூன்றாம் வகுப்பு வார்டில் ஒரு நாளைக்கு 3 வெள்ளி. வெளிநாட்டுத் தொழிலாளிக்கும், குடியுரிமை கிடைக்காத வாழ்க்கைத் துணைக்கும் கட்டணம் வேறு, பல மடங்கு கூட. அதற்குப் பயந்து கர்ப்பிணியை வீட்டிலேயே வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். கட்டணத்தை முன்கூட்டியே கேட்டு, பிரசவத்துக்குச் சேமிக்கத் தொடங்குவது அதைவிடப் புத்திசாலித்தனம்.

குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான பேக்கா பி40 திட்டம் 2019-இல் வந்தது. எஸ்.டி.ஆர். எனும் அரசாங்க ரொக்க உதவி பெறுபவர்களும் அவர்களின் கணவன் அல்லது மனைவியும், 40 வயதோ அதற்கு மேலோ ஆகியிருந்தால், ஐசியோடு போய் இலவசமாக உடல் சோதனை செய்துகொள்ளலாம். இதில் சேர்ந்த தனியார் கிளினிக்கிலும் செய்வார்கள். முதல் தடவை இரத்தமும் சிறுநீரும், இரண்டாவது தடவை முடிவு. பலர் இரண்டாவதற்குப் போவதே இல்லை. தொழிலாளர்களுக்குச் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புத் திட்டமும் உண்டு. வேலையிடத்தில் காயம் என்றால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். எம்.ஏ.வோ டாக்டரோ எழுதும்போது "வேலையில் நடந்தது" என்று பதியச் சொல்லுங்கள். "வீட்டில் விழுந்தேன்" என்று சொல்லச் சொல்லும் மண்டோரின் (மேற்பார்வையாளர்) பேச்சைக் கேட்டால், பின்னால் அந்தக் காகிதத்தை மாற்றுவது குதிரைக்கொம்பு.

எம்.சி.யின் (மருத்துவ விடுப்புச் சீட்டு) அசலை அப்படியே கொடுத்துவிடாதீர்கள், போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு கொடுங்கள்.

கடைசியாக மருந்து. நீண்டகால மருந்துச் சீட்டு பல மாதத்துக்கு இருந்தாலும், கையில் கொடுப்பது சாதாரணமாக ஒரு மாதத்துக்குத்தான். ஈப்போ நிபுணர் எழுதிய மருந்துக்காக மாதா மாதம் பஸ் ஏறத் தேவையில்லை. அங்கே மருந்துக் கவுண்டரிலேயே "எஸ்.பி.யு.பி. வேண்டும், எங்கள் ஊர் கிளினிக்கில் எடுத்துக்கொள்கிறேன்" என்று கேட்டால், அடுத்த மாதத்திலிருந்து ஊரிலேயே வாங்கலாம். தபாலில் அனுப்பும் யு.எம்.பி. என்ற வழியும் உண்டு, தபால் செலவு உங்களுடையது. இன்சுலின் மாதிரி குளிர்ச்சி கேட்கும் மருந்தை அதில் அனுப்புவார்களா என்று முதலிலேயே கேளுங்கள். எந்த வழியானாலும் மருந்து தீருவதற்கு ஒரு வாரத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் சில மருந்து ஊர் கிளினிக்கில் எப்போதும் இருப்பில் இருக்காது, உங்களுக்காக வரவழைப்பார்கள். மிச்சம் இருக்கும் மாத்திரையையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். முப்பது கொடுத்ததில் பதினெட்டு மிச்சம் என்று மருந்தாளர் எண்ணிப் பார்த்தாரானால், சீனி ஏன் இறங்கவில்லை என்பதற்கு டாக்டர் இன்னொரு மாத்திரை எழுத வேண்டியிருக்காது.